பாத்து மாமாவின் நாலு டயர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழங்குகிறது. மற்றபடி ஊருக்கு அவர் ‘பாத்து’. யார் எதைச் செய்தாலும் “பாத்து, பாத்து” என்பார். பால் காய்ச்சினால் பாத்து, படி இறங்கினால் பாத்து. ஒருமுறை நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் சொன்னார். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுவர் ஈரமாக இருக்கிறது, முதுகில் சளி கட்டும் என்றார். அப்படி ஒரு மனிதர்.

அவருக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. மலையின் மேலே ஒரு பெரிய தொட்டி, அதன் பக்கத்தில் மோட்டார் அறை, அறையை ஒட்டியே குடியிருக்க ஒரு சின்ன வீடு. கீழே நகரத்தில் யார் குழாயைத் திறந்தாலும் வருவது அவர் ஏற்றிவிட்ட தண்ணீர்தான். வால்வை மூடிவிட்டு வீட்டுக்கு வருவார். மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போவார். மூடியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, இறுக்கி மூடினோமா என்று மறுபடி போவார். அவர் காலத்தில் அந்தத் தொட்டி வழிந்ததும் இல்லை, வறண்டதும் இல்லை. மேலதிகாரிகள் அவரைப் பாராட்டியதில்லை. ஆனால் அவர் விடுப்புக் கேட்டால் மட்டும் அவர்கள் முகம் மாறிவிடும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது அங்கே இருக்கும்போதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். ஒரு முறை தவறினால் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும், பிறகு மூச்சு. டாக்டர் இதை விளக்கிச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வந்து நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதை என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

மலைமேலே பேருந்து போகாது. இலாகா வண்டி அதற்குத் தோன்றும்போது வரும். இடமாற்றம் கேட்டுப் போட்ட மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. ஆகவே சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியிராத பாத்து மாமா, தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். இவ்வளவு மெதுவாகப் போனால் எஞ்சினுக்கே தூக்கம் வந்துவிடும் என்று கற்றுக்கொடுத்தவர் அலுத்துக்கொண்டாராம். கற்று முடித்ததும் ஒரு பழைய குட்டி ஜீப்பை வாங்கினார். தேவைப்பட்டால் ஒரு நெம்புகோலை இழுத்து நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கலாம், அந்த வகை. அக்கா உட்காரும் பக்கத்துக் கதவில் பழைய தலையணையின் பஞ்சை வைத்துத் தைத்தார். ஊசி குத்துவதற்காக அவள் இடது கையில் ஒரு நரம்பைத் தயார் செய்திருந்தார்கள். அந்தக் கை எங்கும் இடித்துவிடக் கூடாது. அக்கா அதைக் குழந்தையைத் தூக்குவது போல வலது கையால் அணைத்துக்கொண்டுதான் பயணம் செய்வாள்.

பாதையைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. வீட்டிலிருந்து இறங்கும்போது முதலில் மண் பாதை, அதுவும் களிமண். மலையின் இடுப்பில் வெட்டிய பாதை. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் ஒன்றும் இல்லை. ஒரு சிறு பாலத்தோடு மண் முடிந்து தார் ரோடு தொடங்கும். அங்கிருந்து நகரம் வரைக்கும் தார்தான், வளைந்து வளைந்து இறங்கும். கணக்குப் பார்த்தால் மண் கொஞ்சம், தார் அதிகம். ஆனால் மாமாவின் மனதில் அந்தப் பாதை முழுக்கக் களிமண்ணாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில்கூட அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

மழைக்காலம் நெருங்கியபோது ஜீப்பின் டயர்கள் தேய்ந்துவிட்டிருந்தன. டயரின் மேல் கட்டி கட்டியாக நிற்கும் ரப்பரைப் பட்டன் என்பார்கள். பின்னால் இருந்த இரண்டில் பட்டன் ஏதோ பேருக்கு இருந்தது. முன்னால் இருந்த இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை. மாமா தினமும் காலையில் பல் விளக்கியதும் குனிந்து நான்கு டயரையும் நகத்தால் தடவிப் பார்ப்பார். ஒரே நாளில் எவ்வளவு தேய்ந்துவிடப் போகிறது என்று அக்கா சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பின் தெருவிலேயே வீடு. மருந்துக்கடையில் இருக்கிறேனே தவிர, பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது. ஒரு நாள் அக்காவை மெஷினில் படுக்கவைத்துவிட்டு மாமா கடைக்கு வந்தார். டயர் வாங்க வேண்டும், கூட வருகிறாயா என்றார். டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். உனக்குத் தெரியாது, ஆனால் தப்பாக எடுத்தால் திட்டுவாய் என்றார். அது நியாயமாகப் பட்டது. போனேன்.

டயர்க்கடையை நடத்துபவர் ஒரு பெண். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வேலைக்காரர்கள் இருவர் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் ஒரு டயர் அடுக்கின் மேலேயே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து மூன்று வகையை எடுத்துக் காட்டினார். ஒன்று வழவழப்பாகக் கோடு போட்டது, தார் ரோட்டுக்கு. இன்னொன்று விரல் நுழைகிற பள்ளம் விட்டுப் பெரிய பெரிய பட்டன் வைத்தது, சேற்றுக்கு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று கேட்டார். மாமா சொன்னார். சரி, நடு வகையில் நாலும் இருக்கிறது, மாட்டிவிடலாம் என்றார் அந்த அம்மா. அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மாமா சேற்று டயரை விட்டு நகரவில்லை. அதன் பள்ளத்துக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். இதுதான் வேண்டும் என்றார். கடைக்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“சேத்துல மாட்டுனா வண்டி நிக்கும், யாராவது வந்து இழுத்து விடுவாங்க. மழையில நனைஞ்ச தார்ல வழுக்குனா நிக்காதுங்க. உங்களுக்குத் தார்தானே ஜாஸ்தி?”

“நின்னுடுச்சுன்னா என்ன பண்றது?” என்றார் மாமா. வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை.

அந்த ஜீப் சக்கரத்தின் அளவு சின்னது. அந்த அளவில் சேற்று டயர் கடையில் இரண்டுதான் இருந்தது, மற்ற இரண்டு அடுத்த வாரம் வரும். நான்கும் வந்த பிறகு மாட்டிக்கொள்ளுங்கள், முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகையாக ஓட்டாதீர்கள் என்று அந்த அம்மா சொன்னார். மாமா கடைக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா இத்தனை சொல்கிறாரே, கேட்டால் என்ன என்று கடையிலேயே கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

கடைசியில் கடைக்கார அம்மா ஒரு வழிக்கு வந்தார். புது டயர் இரண்டையும் பின்னால்தான் மாட்டுவேன், பின்னால் பிடிப்பு இல்லாவிட்டால் இறக்கத்தில் வால் சுற்றிவிடும், முன்னால் மாட்டச் சொன்னால் வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே மாட்டினார்கள். மொட்டை டயர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் இருந்த பழைய இரண்டையும் முன்னால் போட்டார்கள். மாமா காற்றழுத்தத்தை இரண்டு முறை பார்க்கச் சொன்னார்.

மழைக்காலம் முடியும் வரை அக்காவுக்குத் துணையாக இருக்கலாம் என்று நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே அவர்களோடு கிளம்பினேன். பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மாமா வண்டியை நிறுத்தி நெம்புகோலை இழுத்து நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார். வண்டி ஏறியது. பின் சக்கரங்கள் நன்றாகக் கவ்வித் தள்ளின, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதி ஏற்றத்தில், மண் சுவர் ஓரமாகத் திரும்ப வேண்டிய இடத்தில், மாமா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார், வண்டி நேராகவே போனது. முன் டயரில் களிமண் அப்பிக்கொண்டு, பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. ஏறும்போது பள்ளம் இடது பக்கம். அக்கா உட்கார்ந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். அவளுடைய ஜன்னலுக்குக் கீழே பாதை குறைந்துகொண்டே வந்தது. பிறகு பாதையே தெரியவில்லை, வெறும் மரங்களின் தலை தெரிந்தது. மாமா பெடலை விட்டார். வண்டி தானாக நின்றது. பின்னோக்கி எடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பி, எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் மாமா மோட்டார் அறைக்குப் போய் வால்வைப் பார்த்தார். அக்கா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை வாசலில் ஜாக்கி சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மாமா தானே டயர்களை மாற்றிக்கொண்டிருந்தார். புதுச் சேற்று டயர் இரண்டும் முன்னால், பழையது இரண்டும் பின்னால். என்ன மாமா இது, அந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னாரே என்றேன். முன்னால் பிடிப்பு இருந்தால்தான் திருப்ப முடியும் என்றார். சொல்லிவிட்டு நட்டை முறுக்கப் போய்விட்டார். கடைக்காரர் பேச்சையும் கேட்க மாட்டார், வீட்டார் பேச்சையும் கேட்க மாட்டார், பயம் மட்டும் என்ன சொன்னாலும் கேட்பார் என்று அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ம் என்றாள்.

அதற்கு அடுத்த நாள் மெஷின். காலையிலிருந்து மழை விடவில்லை. மாமாவுக்குப் பதிலாக மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வர வேண்டியவர் வரவே இல்லை. தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி ஒரு நாள் தள்ளிப் போட்டோம். சாயங்காலத்துக்குள் அக்காவின் கணுக்கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டாள். மாமா அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் மாற்று ஆள் ஒருவழியாக நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். உடனே கிளம்பினோம். இப்போது இறக்கம், பள்ளம் மாமாவின் பக்கம். சேற்றில் வண்டி கயிறு பிடித்தது போல இறங்கியது. திருப்பிய பக்கம் திரும்பியது. மூன்று நாள் முன்பு வழுக்கிய அந்த இடத்தையும் தாண்டினோம். மாமா முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்று கேட்பது போல. நானும் மனதுக்குள் ஒப்புக்கொண்டேன்.

மண் முடியும் பாலத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தி, ஒரு தகட்டை எடுத்து, நான்கு டயரிலும் ஒட்டிய களிமண்ணை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் தாரில் ஏற்றுவார். மழையோ வெயிலோ அதில் மாற்றம் கிடையாது. அன்றும் இறங்கினார். புது டயர்களின் பள்ளங்களில் மண் கெட்டியாக அடைத்திருந்தது. இரண்டையும் சுரண்டி முடித்துப் பின்பக்கம் வந்தபோது அக்கா இருமினாள். அது சளி இருமல் இல்லை. அடியிலிருந்து நீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் அதில் இருந்தது. மாமா தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கணம் நின்றார். பின் டயரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தகட்டை உள்ளே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

முதல் வளைவு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளைவில் மாமா பிரேக்கைத் தொட்டார். தொட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், மிதிக்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து யாரோ வண்டியை இழுத்தது போல இருந்தது. முன்பக்கம் மலையை நோக்கித் திரும்பியது, பின்பக்கம் பள்ளத்தை நோக்கிப் போனது. நான் உட்கார்ந்திருந்தது பின்பக்கம். கல் உடைகிற ஓசை கேட்டது. வண்டி நின்றது. ரோட்டோரம் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்த தடுப்புச் சுவரில் வால் முட்டியிருந்தது. சுவரின் கல் ஒன்று பெயர்ந்து கீழே விழுந்தது. அது போய்ச் சேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தது.

மாமாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அக்கா தன் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், கையில் அடியில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததும் கூடவே கோபமும் வந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். பயந்து பயந்தே எங்களைக் கொல்லப் பார்த்தீர்கள், அந்த அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாரே, கேட்டீர்களா, யாரைக் கேட்டு டயரை முன்னால் மாற்றினீர்கள் என்றெல்லாம் கத்தினேன். அக்காதான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“அவரத் திட்டாத. சேத்து டயர்தான் வேணும்னு சொன்னது நான். முன்னாடி மாத்தச் சொன்னதும் நான்தான். அன்னைக்கு ஜன்னல் வழியா கீழ பாத்தேன்ல... அந்தச் சேத்துல வண்டி மாட்டி, மூச்சுத் திணறி செத்துடுவேன்னு எனக்குப் பயம். மழைக்காலம் வருதுன்னதுமே பயம்.”

“அத எதுக்கு இப்ப சொல்ற?” என்றார் மாமா. “நீ பேசாத. மூச்ச வீணாக்காத.”

டயர்க்கடையில் நான் திட்டியபோது அவர் தரையைப் பார்த்ததும், வாசலில் நட்டை முறுக்கப் போனதும் நினைவுக்கு வந்தன. அவளுக்குப் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஊரே பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறது, அதோடு இதுவும் சேர்ந்து போகட்டும் என்று விட்டிருக்கிறார்.

மாமா எங்கள் இருவரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கினார். நான் அக்காவுக்குக் குடை பிடித்தேன். அவள் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து மூச்சு வாங்கினாள். மாமா தகட்டை எடுத்துப் பின் டயர்களைச் சுரண்ட வந்தார். தகடு கையிலிருந்து நழுவி இரண்டு முறை கீழே விழுந்தது. சுரண்டி முடித்துத் தனியாக ஏறினார். பின் சக்கரத்துக்கும் பெயர்ந்த சுவருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் ஒரு முறை உறுமியது. கண்ணைத் திறந்தபோது வண்டி ரோட்டின் நடுவில் நின்றது. அவ்வளவு துணிச்சலாக அவர் வண்டியை எடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா ஏறி உட்கார்ந்ததும் மறுபடியும் கை நடுங்கத் தொடங்கியது. மீதி வழி முழுக்க முதல் கியர்தான். எங்களைத் தாண்டி ஒரு மாட்டு மந்தை போனது என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவைப் பார்த்ததும் சக்கர நாற்காலியைத் தேடவில்லை, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். மெஷினில் போட்டு மூச்சு சீரான பிறகுதான் எங்களைத் திட்ட வெளியே வந்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமா டயர்க்கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்கார அம்மா குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார், பின்னால் நசுங்கிய தகரத்தைப் பார்த்தார். நீங்களே மாற்றினீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம், நான்தான், என் முட்டாள்தனம் என்றார் மாமா. நடு வகையில் நான்கும் ஒரே மாதிரியாக மாட்டினார்கள். தாரிலும் பிடிக்கும், சேற்றிலும் சமாளிக்கும், அவசரப்பட்டால் எதுவும் பிடிக்காது என்றார் அந்த அம்மா.

அன்று நான் ஒரு முடிவு சொன்னேன். மழைக்காலம் முடியும் வரை அக்கா என் வீட்டில்தான் இருப்பாள். ரோட்டைக் கடந்தால் ஆஸ்பத்திரி. எந்த டயரும் வேண்டாம், எந்தப் பள்ளமும் வேண்டாம். மாமா மறுபேச்சு இல்லாமல் சரி என்றார். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா அவள் மாத்திரைகளை எண்ணி மேஜையில் அடுக்கிவிட்டுத் தனியாக மலை ஏறிப் போனார். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மெஷின் நாட்களில் மாமா இறங்கி வருவார். அவள் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் போய்விடுவார். முதல் முறை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வந்தார். அதற்கும் அடுத்த முறை ஜீப்பின் இடது கண்ணாடி இல்லை. அந்தப் பக்கம் முழுக்க மண் சுவரில் உரசிய கோடு. தலையணைப் பஞ்சு தைத்திருந்த கதவு நசுங்கியிருந்தது. மெஷின் முடிந்து வந்த அக்கா என் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கிட்டே போய் அந்தக் கோட்டைத் தடவினாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

மாமா முதலில் மரக்கிளை என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“தனியா வர்றப்ப பயமே வர மாட்டேங்குது. கை பாட்டுக்கு ஓட்டுது. பாலத்துல நிறுத்தணும்னுகூடத் தோணல. எங்க இடிச்சேன்னு எனக்கே தெரியல.”

இதை அவர் ஏதோ குழாய் அடைத்துக்கொண்டது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். வால்வை மூன்று முறை தொட்டுப் பார்க்கிற மனிதர். டயரை நகத்தால் தடவுகிற மனிதர். மண்ணைச் சுரண்டாமலே தாரில் இறங்கி வந்திருக்கிறார். அந்த வளைவில் பெயர்ந்த சுவரை இன்னும் கட்டவில்லை.

அக்கா உள்ளே போனாள். மலைக்குக் கிளம்பத் துணிப் பையோடு திரும்பி வந்தாள். நான் வழியை மறித்துக்கொண்டேன். என்ன விளையாட்டா, போன தடவை பட்டது போதாதா, நீ ஏறினால் உன் உயிருக்கு ஆபத்து என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் ஏறலைன்னா அவர் உயிருக்கு” என்றாள் அக்கா. “வழிய விடு.”

எனக்கும் அவளைத் தடுக்கத்தான் ஆசை. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்து கையை அணைத்துக்கொண்டதும் அந்த முகம் வெளிறிவிட்டது. இறங்கி வந்தார். நான்கு டயரையும் சுற்றி வந்து ஒவ்வொன்றாக நகத்தால் தடவினார். காற்றை அழுத்திப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. அவள் பக்கக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார்.

ஜீப் கிளம்பியது. நடந்து போகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒரு வேன், இரண்டு ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி, எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், யாரோ ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினார்கள். மாமா காதில் வாங்கவில்லை. அக்கா கையை வெளியே நீட்டிப் பொறுங்கள் என்று காட்டினாள். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அவர்கள் தெருமுனையைத் திரும்புவதற்குள் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.